அக்கினியும் மேகமும்: ரிச்சர்டு ரைட்டின் சிறுகதைகளில் இனமும் வரலாறும் திருச்சபையும்

ஒரு சிறுகதைத் தொகுதியை இறையியல் ஏடொன்றில் ஆராய்வதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளராகிய ரிச்சர்டு ரைட் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டாம் மாமாவின் பிள்ளைகள்’ என்னும் தொகுதியை நாம் எடுத்துக்கொள்வதற்குரிய காரணம் அதன் கதைத் தலைப்புகளிலேயே இருக்கிறது. 1940இல் விரிவாக்கப்பட்டு வெளிவந்த பதிப்பில் ஐந்து கதைகள் உள்ளன. அவற்றுள் மூன்று கதைகள் தம் பெயரைத் திருச்சபையிடமிருந்து பெற்றவை. ‘ஆற்றங்கரையோரம்’ என்பது அடிமைகள் பாடிய பக்திப் பாடலொன்றின் பெயர். ‘அக்கினியும் மேகமும்’ என்பது யாத்திராகமம் 13ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலரை வழிநடத்திய தூண்களை நினைவூட்டுவது. ‘ஒளிமிக்க விடிவெள்ளி’ என்பது வெளிப்படுத்தின விசேஷம் 22ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைப் பற்றிக் கூறும் பெயர். இத்தலைப்புகளை இட்டவரோ இளமையிலேயே திருச்சபையை விட்டு விலகியவர். இக்கதைகளை எழுதிய காலத்தில் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர்.

திருச்சபையை விட்டு வெளியேறிய ஒருவர் அதன் சொற்களை ஏன் தம்மோடு எடுத்துச் சென்றார்? அச்சொற்கள் அவருடைய கதைமாந்தரின் வாழ்வில் என்ன செய்கின்றன? இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டு, இத்தொகுதியை அது பிறந்த வரலாற்றோடு சேர்த்து வாசிக்க முற்படுகிறோம்.

1. ஆசிரியரும் காலமும்

ரைட் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தில் நாச்செஸ் நகருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் பிறந்தார். அவருடைய பாட்டன் பாட்டியர் அடிமைத்தனத்தில் பிறந்தவர்கள். தந்தை பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர். தாய் பள்ளி ஆசிரியை. தந்தை குடும்பத்தைக் கைவிட்டார்; தாய் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். ஆகவே சிறுவன் ஜாக்சன் நகரில் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் வளர நேர்ந்தது. பாட்டி ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர், மிகுந்த கண்டிப்புடையவர். அவ்வீட்டில் கதைநூல் வாசிப்பது பாவமாகக் கருதப்பட்டது. செபமும் பாட்டும் திருமறை வாசிப்புமே அங்குக் கேட்ட ஒலிகள். சிறுவன் பாட்டியின் விசுவாசத்தை ஏற்கவில்லை. எனினும் அதன் மொழி அவனுள் தங்கிவிட்டது என்பதற்கு இக்கதைகளே சான்று.

மற்றொரு நிகழ்ச்சியும் அவருடைய இளமையில் ஆழப் பதிந்தது. ஆர்கன்சா மாநிலத்திலுள்ள எலேன் என்னும் ஊரில் அவருடைய சித்தியின் கணவர் சைலஸ் ஹாஸ்கின்ஸ் மதுக்கடை நடத்தி நன்றாகச் சம்பாதித்து வந்தார். அச்சம்பாத்தியத்தின்மீது பொறாமை கொண்ட வெள்ளையர் 1916ஆம் ஆண்டில் அவரைக் கொன்றனர். குடும்பம் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடியது. அடக்க ஆராதனை நடைபெறவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்போது ரைட் சிறுவன்.

இவை தனிப்பட்ட சிலரின் கொடுமை மட்டுமன்று. சட்டத்தின் நிழலில் நடந்தவை. 1890ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய அரசியல் சட்டம் கறுப்பரின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது. 1896ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனங்களைப் பிரித்து வைப்பது சட்டத்துக்கு மாறானதன்று எனத் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லாமல் கூட்டமாகக் கூடிக் கொல்லும் கும்பற்கொலை அக்காலத்தில் வழக்கமாகவே நிலவியது. டஸ்கிகீ நிறுவனத்தின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்டோர் 4,743 பேர். அவர்களுள் 3,446 பேர் கறுப்பர். மாநிலங்களுள் எண்ணிக்கை மிகுந்தது மிசிசிப்பியே.

ரைட் 1925இல் மெம்பிஸ் நகருக்கும் 1927இன் இறுதியில் சிகாகோவுக்கும் சென்றார். மெம்பிஸ் நகரின் பொதுநூலகம் கறுப்பருக்கு நூல் வழங்காது. ஆகவே வெள்ளையர் ஒருவரின் அட்டையைக் கடன்பெற்று, அவருக்காக நூல் வாங்க வந்த ஏவலாளைப்போல் நடித்து, நூல்களை எடுத்துப் படித்தார். பொருளாதாரச் சரிவின் காலத்தில் அரசாங்கம் தொடங்கிய எழுத்தாளர் திட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அத்திட்டத்தில் பணியாற்றியோருக்காக ‘ஸ்டோரி’ என்னும் இதழ் நடத்திய போட்டியில் அவருடைய கதைகள் முதற்பரிசாகிய 500 டாலரைப் பெற்று, 1938இல் நூலாயின.

நூலின் பெயரும் கருதத்தக்கது. ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் 1852இல் வெளியிட்ட ‘டாம் மாமாவின் குடிசை’ அடிமைத்தனத்துக்கு எதிராகப் பலரின் மனச்சாட்சியை எழுப்பிய நாவல். ஆயின் பிற்காலத்தில் ‘டாம் மாமா’ என்பது வெள்ளையருக்குப் பணிந்து நிற்கும் கறுப்பனைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. ரைட்டின் கதைமாந்தர் அந்த டாம் மாமாவின் பிள்ளைகள். தந்தையின் பொறுமையை இனிக் காக்க இயலாதவர்கள். தந்தையிடமிருந்து அவர்கள் பெற்ற ஆஸ்தியோ திருமறைச் சொற்களும் பாடல்களுமே.

2. ஓடுகிறவனும் ஆற்றில் அகப்பட்டவனும்

முதற்கதையில் நான்கு சிறுவர்கள் வெள்ளையர் ஒருவருக்குச் சொந்தமான குட்டையில் தடையை மீறிக் குளிக்கின்றனர். அவ்விடத்திற்கு எதிர்பாராது வந்த வெள்ளைப் பெண்ணொருத்தி அவர்களைக் கண்டு அலறுகிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் துப்பாக்கியால் இருவரைச் சுட்டு வீழ்த்துகிறான். ‘பெரிய பையன்’ எனப்படும் சிறுவன் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டுவிடுகிறான். அன்றிரவு குன்றின்மேல் ஒரு குழியில் ஒளிந்துகொண்டு, தன் நண்பன் போபோ எரிக்கப்படுவதைக் காண்கிறான். விடிந்தபின் சரக்கு வண்டியொன்றில் மறைந்து சிகாகோவுக்குப் போகிறான்.

கதையின் தொடக்கத்தில் அச்சிறுவர்கள் வடக்கே செல்லும் இரயிலின் ஓசையைக் கேட்கின்றனர். விண்ணக மகிமையை நோக்கிச் செல்லும் இரயிலைப் பற்றிப் பாடவும் செய்கின்றனர். அடிமைகளின் பாடல்களில் வாக்களிக்கப்பட்ட நாடு என்பது விண்ணகத்தை மட்டுமன்றி, அடிமைத்தனம் இல்லாத வடபுலத்தையும் குறித்தது என்பதை நாம் அறிவோம். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பர் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினர். எனவே பெரிய பையனின் ஓட்டம் தனியொருவனின் ஓட்டமன்று. அவனைத் தப்புவிக்க இரவில் கூடி ஆலோசிப்பவர்கள் சபை மூப்பர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அவர்களால் நீதி வழங்க முடியாது. மறைக்கவும் வண்டியேற்றி அனுப்பவும் மட்டுமே முடிகிறது. சபை அவனுக்கு ஓர் இரவுக்குரிய அடைக்கலமாக இருக்கிறது. ஊர் ஒன்றைத் தர அதனால் இயலவில்லை.

இரண்டாம் கதைக்கு அடித்தளமாக இருப்பது 1927ஆம் ஆண்டின் பெருவெள்ளம். அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மிசிசிப்பி ஆற்றின் கரை மவுண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் உடைந்தது. அந்த வெள்ளத்தில் ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலப்பரப்பு நீரில் மூழ்கியது; 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கிரீன்வில் நகரில் கரைமேல் ஏறி உயிர் தப்பிய கறுப்பர் சுமார் 13,000 பேர். அவர்களைக் கப்பலேற்றி வேறிடத்திற்கு அனுப்புவதற்குத் திட்டமிடப்பட்டது. ஆனால் போனவர்கள் திரும்பமாட்டார்கள், பருத்திக் காட்டுக்கு ஆள் கிடைக்காது என்று தோட்ட முதலாளிகள் அஞ்சினர், திட்டம் கைவிடப்பட்டது. கறுப்பர் அடையாளச் சீட்டு அணிந்தால்தான் உணவு பெறலாம். படைவீரரின் துப்பாக்கி முனையில் கரையில் வேலை செய்ய வேண்டும். வெள்ளம் எல்லாருடைய வீட்டிலும் புகுந்தது. உதவி மட்டும் இனம் பார்த்து வந்தது.

கதையின் தலைவன் மேன் என்பவன். அவன் மனைவி லூலு பிள்ளை பெற இயலாமல் பல நாட்களாகத் துன்புறுகிறாள். வெள்ளத்தில் படகு கிடையாது. மைத்துனன் வெள்ளையன் ஒருவனின் படகைத் திருடிக் கொண்டுவருகிறான். புறப்படுமுன் மூப்பர் செபிக்கிறார். எல்லாரும் முழந்தாளிட்டு, போர்க்கருவிகளை ஆற்றங்கரையில் இறக்கிவைக்கும் நாளைப் பற்றிய அந்தப் பழம் பாடலைப் பாடுகின்றனர். பின்னர் இருளில் படகு செல்கிறது. படகின் உரிமையாளன் சுடுகிறான். மேன் திருப்பிச் சுட அவன் இறக்கிறான். மருத்துவமனையை அடைந்தபோது லூலு இறந்துவிட்டாள். மேன் கரை வேலைக்கு இழுக்கப்படுகிறான். பின்னர் மீட்புப் பணிக்கு அனுப்பப்படுகிறான். அவன் மீட்க நேர்ந்ததோ தான் கொன்றவனின் குடும்பத்தை. அவர்களை மடியவிட்டால் தான் தப்பலாம் என்று அறிந்தும் கரை சேர்க்கிறான். அவர்களே அவனைக் காட்டிக்கொடுக்கின்றனர். முடிவில் படைவீரர் அவனைச் சுட, அவன் ஆற்றங்கரையில் விழுகிறான்.

பாடல் சொன்ன இடத்திலேயே கதை முடிகிறது. ஆனால் அங்கு யாரும் ஆயுதத்தை இறக்கிவைக்கவில்லை. இது பாடலைப் பழிக்கும் கதையென்று சிலர் கொள்ளலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பாடலின்படி நடந்தவன் மேன் ஒருவனே. தன் பகைவரின் பிள்ளைகளைக் காப்பாற்றியவன் அவனே. அதே நம்பிக்கையை அறிக்கையிட்ட ஊரார் அவனைக் கொன்றனர். பாடலைக் கதை நீதிமன்றத்தில் நிறுத்துகிறதென்றால், அங்குத் தீர்ப்புப் பெறுவது பாடல் அன்று, ஊரே.

3. நிலம் உடையவன்

‘நீண்ட கறுப்புப் பாட்டு’ என்னும் மூன்றாம் கதையின் தலைவன் பெயர் சைலஸ். கொலையுண்ட உறவினரின் பெயரும் அதுவே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இந்தச் சைலஸ் உழைத்து நிலம் வாங்கியவன். பருத்தி விற்ற பணத்தில் மேலும் நிலம் சேர்த்து மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறான். அவன் இல்லாதபோது இசைப்பெட்டி விற்க வந்த வெள்ளை இளைஞன் அவன் மனைவி சாராளை அடைந்திருக்கிறான். அவன் தன் பெட்டியின் பெருமையைக் காட்ட ஒலிக்கச் செய்தது ஒரு கிறிஸ்தவப் பாடல் என்பதை ஆசிரியர் அழுத்தமின்றிச் சொல்லிச் செல்கிறார். மறுநாள் சைலஸ் வெள்ளையன் ஒருவனைச் சுடுகிறான். கும்பல் வீட்டைச் சூழ்ந்து தீயிடுகிறது. அவன் வெளியே வராமல் உள்ளேயே இருந்து மடிகிறான்.

நிலம் வாங்கிவிட்டால் ஊரில் இடம் கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை இக்கதையில் எரிகிறது. பத்திரம் சைலஸின் கையில் இருக்கிறது. ஆனால் அவ்வீட்டுக் கதவைத் தட்டாமல் நுழையும் உரிமை வேறொருவனிடம் இருக்கிறது. ஒருவன் தன் ஊரைச் சேர்ந்தவன் என்பதை நிலம் மட்டும் உறுதிப்படுத்துவதில்லை. அவனுக்கு அநீதி நேர்ந்தால் யாரிடம் முறையிடலாம் என்பதே உறுதிப்படுத்துகிறது. இவ்வூரில் அவன் முறையிட ஒருவரும் இல்லை.

4. ஆயரும் நான்கு அறைகளும்

நான்காம் கதையாகிய ‘அக்கினியும் மேகமும்’ நமக்கு மிக நெருங்கியது. அதன் தலைவர் ஓர் ஆயர். டான் டெய்லர் என்னும் அவர் தென்மாநில நகரொன்றில் கறுப்பர் சபையை நடத்துகிறார். அரசாங்க உதவி நிறுத்தப்பட்டதால் மக்கள் பட்டினியால் வாடுகின்றனர். நகரத் தலைவர் மக்கள் ஊர்வலம் செல்வதை ஆயர் தடுக்க வேண்டுமென்கிறார். பொதுவுடைமைக் கட்சியினர் இருவர், ஒருவர் கறுப்பர், மற்றவர் வெள்ளையர், ஊர்வலத் துண்டறிக்கையில் ஆயரின் பெயரைக் கேட்கின்றனர்.

இக்கதையில் ஒரு காட்சி எந்த ஆயரும் மறக்கத்தக்கதன்று. பசித்த மக்களின் பிரதிநிதிகள் ஓர் அறையில் காத்திருக்கின்றனர். நகரத் தலைவரும் காவல் தலைவரும் வரவேற்பறையில் அமர்ந்திருக்கின்றனர். பொதுவுடைமையர் திருமறை வகுப்பு நடைபெறும் அறையில் இருக்கின்றனர். சபையின் டீக்கன்மார் கீழ்த்தளத்தில் கூடியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஆயரின் இடத்தைப் பிடிக்கக் காத்திருப்பவர். ஆயர் ஒவ்வோர் அறையிலும் நுழைந்து அந்தந்த அறைக்கேற்ற மொழியில் பேசி வெளியே வருகிறார். மக்களிடம் செபத்தின் மொழி. அதிகாரிகளிடம் பணிவின் மொழி. மற்றவர்களிடம் தயக்கத்தின் மொழி. எந்த அறையிலும் அவர் பொய் சொல்லவில்லை. எனினும் ஓர் அறையில் சொன்னதை மற்றோர் அறையில் சொல்ல அவரால் இயலவில்லை.

அன்றிரவு வெள்ளையர் சிலர் அவரைக் கடத்திச் சென்று மரத்தில் கட்டிச் சாட்டையால் அடிக்கின்றனர். அடிக்கும்போதே கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்படி வற்புறுத்துகின்றனர். அவர் வாழ்நாளெல்லாம் சபையாரோடு சொல்லிவந்த செபம் அடிக்கிறவனின் கட்டளையால் அவர் வாயிலிருந்து பிடுங்கப்படுகிறது. ரைட் எழுதிய பக்கங்களுள் இறையியல் மாணவர் நின்று வாசிக்க வேண்டிய பக்கம் இதுவெனலாம். சாட்டையைப் பிடித்தவனும் ‘எங்கள் பிதா’ என்று சொல்லக்கூடியவனே. அந்த ‘எங்கள்’ என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்னும் வினாவே இங்கு இரத்தத்தோடு எழுகிறது.

ஆயர் வெள்ளையர் தெருக்கள் வழியாகத் தள்ளாடி வீடு திரும்புகிறார். அவர் உடம்பில் பற்றியெரியும் வேதனையே இஸ்ரவேலருக்கு முன்சென்ற அக்கினித் தூணாக மாறுவதை ஆசிரியர் காட்டுகிறார். பழிவாங்கத் துடிக்கும் மகன் ஜிம்மியை அவர் தடுக்கிறார். தனியாகச் சென்று மடிவதில் பயனில்லை, மக்களோடு நிற்பதே வழி என்கிறார். விடிந்ததும் சபையார் முன் நடந்ததைச் சொல்கிறார். அப்போது முதன்முறையாக எல்லா அறைகளிலும் இருந்தவர்கள் ஒரே சொல்லைக் கேட்கின்றனர். ஊர்வலம் புறப்படுகிறது, ஏழை வெள்ளையரும் வந்து சேர்கின்றனர், நகரத் தலைவர் உணவு தர இசைகிறார். தொகுதியில் தலைவன் உயிரோடும் தன் ஊரிலேயேயும் இருக்க முடிகிற ஒரே கதை இதுதான். முதற்கதையின் சிறுவன் ஊரை இழந்தான். மேனும் சைலஸும் உயிரை இழந்தனர். ஆயர் டெய்லர் ஒருவரே தெருவில் நிற்கும் உரிமையைப் பெறுகிறார். அதைத் தனியாகப் பெறவில்லை என்பதும் தெளிவு.

5. விடிவெள்ளி

1940ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘ஒளிமிக்க விடிவெள்ளி’ இந்நிறைவை அப்படியே விட்டுவைக்கவில்லை. சூ அத்தை என்னும் முதிய விதவை துணி வெளுத்துப் பிழைப்பவள். அவளுடைய மக்கள் இருவரும் கட்சியில் சேர்ந்துவிட்டனர். ஒருவன் சிறையில் இருக்கிறான். சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பற்றிய பாடல்களே அவளைத் துன்பத்தில் தாங்கியவை. மக்களின் கொள்கை அப்பாடல்களின் இடத்தை மெல்லப் பிடிக்கிறது. ஆனால் பாடல்கள் முற்றிலும் போகவில்லை. காவல் அதிகாரியால் அடிபட்டு மயங்கிய வேளையில் நட்பு வேடம் பூண்டு வந்த வெள்ளையன் ஒருவனிடம் தோழர்களின் பெயர்களைச் சொல்லிவிடுகிறாள். உண்மை தெரிந்தவுடன், மகனின் உடலைச் சுற்றிக் கொண்டுவருவதாகச் சொல்லி, வெள்ளைத் துணிக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு செல்கிறாள். காட்டிக்கொடுக்க வந்தவனைக் கொன்று தானும் மகனோடு மடிகிறாள்.

இவ்விடத்தில் கிறிஸ்தவ வாசகருக்கு இடர்ப்பாடு உண்டு. அடக்கத் துணியில் ஆயுதம் மறைத்தவளைக் கிறிஸ்துவின் பெயரால் அழைப்பது எவ்வாறு தகும்? அவளுடைய செயலை நாம் நியாயப்படுத்த முற்படவில்லை. ஆயினும் ஆசிரியர் நம்மை நிறுத்தும் இடத்தை விட்டு விலகுவதும் நேர்மையாகாது. நீதிமன்றமும் அரசும் சபையும் அவளுக்குச் செய்யத் தவறியதை அந்தக் கிழவி தன் நடுங்கும் கையால் செய்ய வேண்டியதாயிற்று. அவளைக் கண்டிக்குமுன் அவளைத் தனியே விட்டவர்களை எண்ணிப்பார்க்க வேண்டும். ரைட் அக்காலத்தில் கட்சியில் விடிவெள்ளியைக் கண்டார் என்பது உண்மை. அந்நம்பிக்கையும் அவருக்கு நிலைக்கவில்லை. கட்சியை விட்டு விலகிய வரலாற்றை 1944இல் தாமே எழுதி வெளியிட்டார். கதையில் அவர் சூ அத்தைக்குக் கொடுத்த பெயரோ அப்படியே நிற்கிறது.

6. கதைக்கு வெளியே திருச்சபை

ரைட்டின் கதைகளில் கறுப்பர் சபை மட்டுமே வருகிறது. வெள்ளையர் சபை எங்கே இருந்தது? வரலாறு விடை தருகிறது. அடிமை வைத்திருப்போரை மிஷனெரிகளாக அனுப்பலாமா என்னும் வழக்கில் பிரிந்து 1845இல் தோன்றியது தென்மாநில பாப்டிஸ்டு மாநாடு. தன் தோற்றத்தில் அடிமைத்தனத்துக்கு இருந்த பங்குக்காக 1995இல்தான் அது மன்னிப்புக் கேட்டது. ரைட்டின் நூல் வெளிவந்த மறு ஆண்டாகிய 1939இல் மூன்று மெதடிஸ்டு சபைகள் ஒன்றிணைந்தன. திருச்சபை ஒற்றுமையின் வெற்றியாக அது கொண்டாடப்பட்டது. ஆனால் அந்த ஒற்றுமைக்காகக் கறுப்பர் சபைகளுள் பெரும்பாலானவை மத்திய அதிகார வட்டம் என்னும் தனிப்பிரிவில் ஒதுக்கப்பட்டன. 1968இல்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது. ஐக்கியத்துக்காகப் பாடுபடும் சபைகள் இந்நிகழ்ச்சியை மறவாமல் இருப்பது நன்று.

இக்கதைகள் எழுதப்பட்ட அதே காலத்தில் இவ்வினா நம் பகுதியிலும் எழுப்பப்பட்டது. இந்தியா, பர்மா, இலங்கை மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் அழைப்பின்பேரில் கறுப்பின இறையியலாளர் ஹவர்டு தர்மன் 1935-36இல் தம் குழுவினருடன் வந்தார், காந்தியடிகளையும் சந்தித்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவரைச் சந்தித்த ஒருவர், உங்கள் மக்களை அடிமைகளாக விற்றவர்களும் இன்று எரிப்பவர்களும் கிறிஸ்தவர்களாக இருக்க, நீங்கள் எவ்வாறு கிறிஸ்தவராக இருக்கிறீர்கள் என்ற கருத்தில் கேட்டார். தர்மனின் விடை விரிந்து 1949இல் ‘இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்’ என்னும் நூலாயிற்று. இயேசு ஆட்சியாளரின் மதத்தை நிறுவியவரல்லர், உரோமரின் கீழ் உரிமையிழந்த யூத ஏழையாக வாழ்ந்தவர் என்பதே அதன் சாரம். அடிமையாயிருந்த தம் பாட்டி பவுலின் நிருபங்களைப் பெரும்பாலும் வாசிக்கவிடுவதில்லை என்றும் தர்மன் அதில் கூறுகிறார். எசமானின் குருவானவர் அடிமைகளின் கீழ்ப்படிதலைப் பற்றிப் பவுலின் சொற்களைக் கொண்டே ஓயாமல் பிரசங்கித்ததே அதற்குக் காரணம்.

ரைட்டின் பார்வைக்குக் குறை இல்லாமலில்லை. கறுப்பின எழுத்தாளராகிய சோரா நீல் ஹர்ஸ்டன் அம்மையார் 1938இலேயே, இந்நூல் வெறுப்பையே காட்டுகிறது, மக்களின் உள்வாழ்வை உணர்ந்து காட்டவில்லை என்று மதிப்புரை எழுதினார். அவர் பாப்டிஸ்டு போதகரின் மகள். கறுப்பரே ஆட்சி செய்த ஈட்டன்வில் என்னும் ஊரில் வளர்ந்தவர். தமக்கென ஓர் ஊர் இருந்தவருக்கு ரைட்டின் உலகம் முழுமையற்றதாகத் தோன்றியது இயல்பே. சபையில் மகிழ்ச்சியும் நகைச்சுவையும் உண்டு என்பதை ரைட் சொல்லாமல் விட்டார். அவர் சொன்னதை அது பொய்யாக்குவதில்லை.

ஆயர் டெய்லரைப் போன்றவர் கற்பனையில் மட்டுமே இருந்தார் என்றும் சொல்வதற்கில்லை. ஹாஸ்கின்ஸ் கொல்லப்பட்ட எலேன் பகுதியில் 1919 செப்டம்பர் 30ஆம் நாள் கறுப்பின வாரக் குடியானவர்கள் பருத்திக்கு நியாய விலை கேட்கச் சங்கமாகக் கூடியது ஹூப் ஸ்பர் என்னுமிடத்தில் இருந்த ஓர் ஆலயத்தில். அங்குத் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அடுத்த நாட்களில் கறுப்பர் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். கறுப்பருள் 12 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது; உச்ச நீதிமன்றம் 1923இல் தலையிட்டபின் அவர்கள் உயிர் தப்பினர். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினரைக் காண வந்த எம்மட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன், வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் முறைகேடாக நடந்தான் என்ற பழியின்பேரில் கொல்லப்பட்டான். தாய் அவனுடைய சிதைந்த உடலைச் சிகாகோ ஆலயத்தில் திறந்த பெட்டியில் வைத்து உலகம் காணச் செய்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் மாண்ட்கோமரி நகரின் ஹோல்ட் தெரு பாப்டிஸ்டு ஆலயத்தில் மக்கள் திரண்டனர். இளம் போதகர் ஒருவர், மார்ட்டின் லூதர் கிங், அவர்களுக்கு முன் நின்றார். சபையை விட்டு விலகியவர் 1938இல் எழுதிய ஊர்வலம் பதினேழு ஆண்டுகளுக்குப்பின் சபையிலிருந்தே புறப்பட்டது. கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அச்சிறுவன் பெயராலேயே 2022 மார்ச் 29ஆம் நாள் கையொப்பமாயிற்று. அத்தகைய மசோதா முதன்முதலில் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது 1900இல்.

7. முடிவுரை

தொடக்கத்தில் கேட்ட வினாக்களுக்கு இப்போது விடை கூறலாம். ரைட் திருச்சபையின் சொற்களைத் தம்மோடு எடுத்துச் சென்றதற்குக் காரணம், அவருடைய மக்களிடம் வேறு சொத்து இல்லை என்பதே. நிலமும் வாக்கும் நீதிமன்றமும் பறிக்கப்பட்ட இடத்தில் யாத்திரையும் நதியும் விடிவெள்ளியும் மட்டுமே அவர்களுக்குச் சொந்தமாயிருந்தன. அச்சொற்கள் வரலாற்றை மறக்கச் செய்யும் மருந்தா, வரலாற்றுக்குள் நடத்திச் செல்லும் வழியா என்று அவர் சோதித்துப் பார்த்தார். ஓர் அறையில் அடைபட்டிருந்தபோது அவை ஆறுதலாக மட்டுமே இருந்தன. அடிபட்ட ஆயர் மக்களோடு தெருவில் இறங்கியபோது அவை வழியாயின.

1960 நவம்பர் 28ஆம் நாள் ரைட் பாரிஸ் நகரில் காலமானார். பிறந்த நாட்டில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் கோன் என்னும் இறையியலாளர் 2011இல் எழுதிய நூலில், கும்பற்கொலை மரத்தைக் கண்ணெதிரே கண்டும் அதனைச் சிலுவையோடு இணைத்துப் பார்க்க அமெரிக்க வெள்ளை இறையியலாளர் தவறினர் என்று குற்றஞ்சாட்டினார். அவர்கள் காணத் தவறியதை விசுவாசத்தை விட்டு விலகிய ஒரு கதையாசிரியர் கண்டிருந்தார். இது நம்மை வெட்கப்படச் செய்வதோடு நில்லாமல் கற்கவும் செய்ய வேண்டும்.

ஆயர் பணிக்குப் பயில்வோர் ‘அக்கினியும் மேகமும்’ கதையை ஒருமுறையேனும் படிக்க வேண்டுமென்று பரிந்துரைக்கிறோம். தம் ஆலயத்தில் எத்தனை அறைகள் உண்டு, யார் எந்த அறையில் காத்திருக்கிறார், ஒவ்வோர் அறையிலும் தாம் பேசும் மொழி என்ன என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாயின், அக்கதையை எழுதியவரின் உழைப்பு திருச்சபைக்கும் பயன்பட்டதாகும்.